சூத்திரமும் உரையும்: அமெரிக்க அரசியல் யாப்பும் கருக்கலைப்பு உரிமையும்

இலக்கணம் பயின்றோர் யாவரும் ஓர் உண்மையை அறிவர். சூத்திரம் சுருங்கியது, உரை விரிந்தது. நூல் செய்தவன் சொல்லாது விட்டதை உரைகாரன் சொல்லுகின்றான். அவன் சொல்வது சூத்திரத்தினுள்ளே உறைந்து கிடந்த பொருளா, அன்றித் தன் கையாற் கொணர்ந்து வைத்த பொருளா என்பதே பின்வந்தோரின் வழக்காகின்றது. இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் ஒரே நூற்பாவுக்கு வெவ்வேறு பொருள் காணும் இடங்களை நாம் வகுப்பறையிற் படித்து வியந்திருக்கிறோம். ஆயினும் அவ்வுரைகளுள் எதனை ஏற்பினும் எதனைத் தள்ளினும் எவருடைய உடலுக்கும் ஊறு நேர்வதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை அவ்வாறன்று. அங்கே அரசியல் யாப்பின் ஒரு வாக்கியத்திற்கு எவ்வுரை சரியானது என்னும் வினாவின் விடையைப் பொறுத்து, கருவுற்ற ஒரு பெண் தன் ஊர் மருத்துவரிடம் போவதா, அயல் மாநிலத்துக்குப் பயணப்படுவதா, அன்றித் தான் விரும்பாத பேறுகாலத்தை ஏற்பதா என்பது தீர்மானமாகின்றது. 1973 ஆம் ஆண்டு ஜனவரி 22 ஆந் திகதி அந்நாட்டின் உயர் நீதிமன்றம், கருவைக் கலைப்பதா வளர்ப்பதா என்று முடிவு செய்யும் உரிமை யாப்பினாற் காக்கப்படுவது என்றது. 2022 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆந் திகதி அதே நீதிமன்றம், அத்தகைய உரிமை யாப்பில் இல்லை என்றது. இடைப்பட்ட 49 ஆண்டுகளில் யாப்பின் அவ்வாக்கியத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது உரை, உரைகாரரும் மாறினர்.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்கியபோது, எது சரியென்பது எனக்கு முன்னரே தெரியும் என்ற துணிவுடனேயே தொடங்கினேன். படித்து முடித்தபோது அத்துணிவு பழையபடி எஞ்சவில்லை. என் முடிவு தலைகீழாய் மாறிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால், அம்முடிவுக்கு நான் காட்டிவந்த காரணங்கள் சில உதிர்ந்தன. வேறு சில முளைத்தன. அந்த மாற்றத்தையே இங்கு எழுத விழைகின்றேன்.

யாப்பு சொல்வதும் சொல்லாததும்

1787 ஆம் ஆண்டிற் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் யாப்பு மிகச் சிறியது. பின்னர்ச் சேர்ந்த 27 திருத்தங்களையும் கூட்டினாலும் ஒரு மாலைப்பொழுதிற் படித்து முடித்துவிடலாம். கருக்கலைப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எதிர்ப்போர் முதலில் நீட்டும் வாதம் இதுவே.

இவ்வாதம் மேலோட்டமாய்த் தோன்றும் அளவுக்கு வலியதன்று. திருமணம் என்ற சொல்லும் அந்த யாப்பில் இல்லை. எனினும் 1967 ஆம் ஆண்டில், வெள்ளையரும் கறுப்பரும் மணஞ் செய்தலைக் குற்றமாக்கிய வேர்ஜீனியா மாநிலச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ஒருமுகமாய்ச் செல்லாதாக்கிற்று. பெற்றோர் தம் பிள்ளைக்குரிய கல்வியைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் அதில் எழுதப்படவில்லை. எனினும் சிறுவர்க்கு ஜெர்மன் மொழி கற்பித்தலைத் தடைசெய்த நெப்ராஸ்காச் சட்டம் 1923 இல் வீழ்ந்தது. எழுதப்படாத உரிமை உரிமையன்று என்றால், இவையனைத்தும் உரிமையல்லவாய் முடியும்.

யாப்பை இயற்றியோரும் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1791 இற் சேர்ந்த ஒன்பதாந் திருத்தமே சான்று. சில உரிமைகளை இங்கு எண்ணிக் கூறியதால், மக்களிடம் எஞ்சியிருக்கும் ஏனைய உரிமைகள் மறுக்கப்பட்டன என்று கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. நம் இலக்கண நூல்களிற் புறனடைச் சூத்திரம் என ஒன்று வருவதை மாணவர் அறிவர். சொன்னவற்றின் நெறியைப் பற்றிச் சொல்லாதனவற்றையும் கொள்க என்று வழிவிடுவது அது. ஒன்பதாந் திருத்தம் அமெரிக்க யாப்பின் புறனடை எனலாம். ஆனால் புறனடை வாயிலைத் திறந்துவிடுகின்றதேயன்றி, அவ்வாயில் வழியே எவை எவை நுழையலாம் என்று பட்டியல் தருவதில்லை. இடர் அங்கேதான் தோன்றுகின்றது.

இவ்வழக்கின் நடுநாயகமாய் விளங்கும் வாக்கியம் பதினான்காந் திருத்தத்தில் உள்ளது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகளாயிருந்தோர் விடுதலை பெற்றபின் 1868 இல் அது யாப்பில் ஏறிற்று. உரிய சட்ட நடைமுறையின்றி எந்த மாநிலமும் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் பறித்தலாகாது என்பது அதன் பொருள். சுதந்திரம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும்? அரை நூற்றாண்டுப் போராட்டமும் இந்த ஒரு சொல்லின் உரைக்காகவே நடந்தது.

அரைநிழலிற் பிறந்த உரிமை

கதை கருக்கலைப்பிலன்றிக் கருத்தடையிலேயே தொடங்குகின்றது. கருத்தடைச் சாதனங்களை உபயோகித்தலே குற்றம் என்று விதித்த 1879 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கனெக்ரிக்கற் மாநிலத்தில் இருந்தது. கிறிஸ்வோல்ட் வழக்கில், 1965 ஆம் ஆண்டு, எழுவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையால் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. தீர்ப்பை எழுதிய நீதியரசர் வில்லியம் டக்ளஸ், யாப்பில் எழுதப்பட்ட உரிமைகளைச் சூழ்ந்து ஓர் அரைநிழல் படர்ந்திருக்கின்றது என்றும், அவ்வரைநிழலில் தம்பதியரின் அந்தரங்கம் காக்கப்படுகின்றது என்றும் கூறினார். நம் உரையாசிரியர் இதனை உய்த்துணர வைப்பு என்பர். 1972 இல் அவ்வுரிமை மணமாகாதோர்க்கும் விரிந்தது.

அடுத்த ஆண்டு வந்தது றோ எதிர் வேட். ரெக்ஸாஸ் மாநிலச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றி வேறெதற்காகவும் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை. ஜேன் றோ என்ற புனைபெயரில் வழக்கிட்ட பெண்ணின் இயற்பெயர் நோர்மா மக்கோவி. அவர் சார்பில் வாதாடிய சட்டத்தரணி சாரா வெடிங்ரன், 1971 டிசம்பரில் நீதிமன்றத்தின் முன் எழுந்து நின்றபோது 26 வயதினர். தீர்ப்பு வருமுன்னரே மக்கோவி பிள்ளையைப் பெற்றுத் தத்துக் கொடுத்துவிட்டார். எந்த உரிமை அவர் பெயரால் நாட்டுக்கு வந்ததோ அவ்வுரிமை அவருக்குப் பயன்படவில்லை. பின்னாளில் அவரே கருக்கலைப்பு எதிர்ப்பாளர் அணியிற் சேர்ந்து தம் பெயரால் வந்த தீர்ப்பை எதிர்த்துப் பேசினார் என்பதும் இக்கதையின் ஒரு திருப்பம்.

தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹரி பிளக்மன். புகழ்பெற்ற மாயோ மருத்துவ நிலையத்தின் சட்ட ஆலோசகராய் முன்னர்ப் பணியாற்றிய அவர், 1972 கோடையில் அந்நிலையத்தின் நூலகத்தில் அமர்ந்து இப்பொருளின் வரலாற்றை ஆராய்ந்தார். அவர் வகுத்த முறை கர்ப்பகாலத்தை மும்மூன்று மாதங்களாய்ப் பிரித்தது. முதற் கூற்றில் முடிவு பெண்ணும் மருத்துவரும் செய்வது. இரண்டாங் கூற்றில் தாயின் நலம் கருதி மாநிலம் ஒழுங்குகளை விதிக்கலாம். கரு தாயின் உடலுக்கு வெளியே உயிர்வாழக்கூடிய நிலையை அடைந்தபின், தாயின் உயிருக்கோ நலனுக்கோ இடரில்லாதவிடத்து மாநிலம் தடைசெய்யலாம்.

இத்தீர்ப்புக்கு இசைந்த எழுவருள் ஐவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகளால் நியமிக்கப்பட்டோர். மாறுபட்ட இருவருள் ஒருவரான வைற், ஜனநாயகக் கட்சியினரான கென்னடியால் நியமிக்கப்பட்டவர். அந்நாளில் இவ்வினா கட்சிகளின் கொடியின் கீழ் வரவில்லை என்பதை இது காட்டும்.

நண்பர் கூறிய குறைகள்

றோ தீர்ப்பைப் பகைவர் குறைகூறியது இயல்பு. நண்பர் கூறிய குறைகளே என்னைச் சிந்திக்க வைத்தன.

ஜோன் ஹார்ட் ஈலி என்ற சட்டப் பேராசிரியர், தாம் சட்டசபை உறுப்பினராயிருந்தால் இத்தகைய சட்டத்துக்கு ஆதரவளித்திருப்பார். ஆயினும் 1973 ஆம் ஆண்டிலேயே யேல் சட்ட சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, றோ தீர்ப்பு யாப்பிலிருந்து பெறப்பட்டதன்று என வாதித்தது. அவர் ஒரு பழைய கதையை நினைவூட்டினார். 1905 ஆம் ஆண்டில், பாண் சுடும் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணிக்கும் வாரத்துக்கு அறுபது மணிக்கும் மேல் உழைத்தலாகாது என்று நியூயோர்க் மாநிலம் செய்த சட்டத்தை உயர் நீதிமன்றம் தள்ளிற்று. அதற்கு அது காட்டிய ஆதாரம் பதினான்காந் திருத்தத்தின் இதே சுதந்திரம் என்ற சொல்லேயாகும். முதலாளியும் தொழிலாளியும் தம் விருப்பம்போல் ஒப்பந்தஞ் செய்யும் சுதந்திரமாம்! முற்போக்காளர் அனைவரும் அத்தீர்ப்பை வெறுத்தனர். 1937 அளவில் நீதிமன்றமே அந்நெறியைக் கைவிட்டது. அன்று தொழிலாளிக்கெதிராய் விரிக்கப்பட்ட சொல்லை இன்று பெண்ணுக்குச் சார்பாய் விரித்தால், விரிக்கும் உரிமை நீதியரசர்க்கு உண்டு என்பதையல்லவா நாம் ஒப்புக்கொள்கின்றோம்? இவ்வினா என் நெஞ்சிலே தைத்தது. நமக்கு உவப்பான பொருளைத் தருவதால் மட்டும் ஓர் உரை நல்லுரையாகிவிடாது. சொற்களைப் பெயர்த்து வேண்டியவாறு கூட்டிப் பொருள் கொண்டார் என்று நச்சினார்க்கினியர்மீது பிற்கால ஆய்வாளர் கூறும் குறையை இங்கு எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது குறை றூத் பேடர் கின்ஸ்பேர்க் கூறியது. பின்னர் உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த அவர், 1993 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஆற்றிய சொற்பொழிவில், றோ தீர்ப்பு ஒரே அடியில் மிகத் தொலைவு சென்றுவிட்டது என்றார். அது பெண்ணைவிட மருத்துவரையே நடுவில் நிறுத்திற்று என்பதும், அந்தரங்கத்தைவிடப் பாற்சமத்துவமே இவ்வுரிமைக்கு உறுதியான அடித்தளம் என்பதும் அவர் கருத்து.

அவர் மனத்திலிருந்த வழக்கு வேறு. சூசன் ஸ்ட்ரக் என்ற விமானப்படைத் தாதி, வியட்நாமிற் பணியிலிருந்தபோது 1970 இற் கருவுற்றார். கத்தோலிக்கரான அவர் பிள்ளையைப் பெற்றுத் தத்துக் கொடுக்க விரும்பினார். விமானப்படையின் விதியோ, கருவைக் கலைத்துக்கொள் அல்லது பணியை விட்டு விலகு என்றது. கின்ஸ்பேர்க் அவருக்காக வழக்கை நடத்தினார். உயர் நீதிமன்றம் விசாரிக்க இசைந்தபின் விமானப்படை தன் முடிவை விலக்கிக்கொண்டதால் வழக்கு பயனற்றதாய் முடிந்தது. அது விசாரிக்கப்பட்டிருந்தால் அமெரிக்கா இவ்வினாவை முதன்முதலிற் சந்தித்தது, பெறவிரும்பிய ஒரு தாயின் வழியாக ஆகியிருக்கும். கலை என்று கட்டளையிடவும் பெறு என்று கட்டளையிடவும் அரசுக்கு ஒரே அதிகாரந்தான் தேவை. அவ்வதிகாரம் அரசுக்கு இல்லை என்பதே உரிமையின் உள்ளீடு. 1927 இல், மனவளர்ச்சி குன்றியோர் எனப்பட்டோரை அவர் இசைவின்றி மலடாக்கிய வேர்ஜீனியாச் சட்டத்தை இதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதை மறந்துவிடலாகாது. கரு உருவாதலைத் தடுக்கும் கையும் கருவைச் சுமக்க வைக்கும் கையும் ஒரே அரசின் கைகளே.

கட்சிகளின் கைக்கு வந்த கதை

நீதிமன்றம் தலையிடாதிருந்தால் மாநிலங்கள் ஒவ்வொன்றாய்ச் சட்டத்தைத் தளர்த்தியிருக்கும் என்பார் பலர். இதற்குச் சான்று இல்லாமலில்லை. 1967 இற் கொலராடோ வழிகாட்டிற்று. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சட்டத்தைத் தளர்த்திக் கையொப்பமிட்ட ஆளுநர் வேறெவருமல்லர். பின்னாளில் எதிர்ப்பாளரின் தலைவரான றொனால்ட் றேகன்.

நியூயோர்க்கில் 1970 ஏப்பிரலில் நடந்தது நெஞ்சை நெகிழ்விப்பது. மசோதா நிறைவேற ஒரு வாக்குக் குறைந்தது. எதிர்த்து வாக்களித்திருந்த ஜோர்ஜ் மைக்கல்ஸ் என்ற உறுப்பினர் எழுந்தார். கத்தோலிக்கர் மிகுந்த தொகுதியின் பிரதிநிதி அவர். தம் அரசியல் வாழ்வை இத்துடன் முடித்துக்கொள்கின்றேன் என்பதை அறிந்தே செய்வதாகக் கூறிக் கண்ணீருடன் தம் வாக்கை மாற்றினார். மசோதா நிறைவேறிற்று. அவ்வாண்டே அவர் கட்சி அவரைக் கைவிட்டது. இரண்டாண்டுகள் கழித்து அதே சட்டசபை அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது. ஆளுநர் நெல்சன் றொக்கபெலர் தம் மறுப்பதிகாரத்தால் அதனைக் காத்தார். ஒரு மனிதனின் கண்ணீரிலும் ஓர் ஆளுநரின் பேனாவிலும் தொங்கிய உரிமையை உரிமை என்று சொல்லலாமா? சட்டசபைகளிடமே விட்டிருக்கலாம் என்போர்க்கு என் பதில் வினா இது.

1973 இன் பின் வினா கட்சிகளிடம் சென்றது. 1976 இற் காங்கிரஸ் நிறைவேற்றிய ஹைட் திருத்தம், வறியோர்க்கான மருத்துவ உதவித் திட்டப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடுதலைத் தடுத்தது. 1980 இல் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. உரிமை உண்டு, ஆனால் அதனை அனுபவிக்கப் பணந்தர அரசு கடமைப்படவில்லை என்பது தீர்ப்பு. ஆகவே உரிமையின் பொற்காலம் எனப்பட்ட காலத்திலும் ஏழைப் பெண்ணுக்கு அது ஏட்டளவிலேயே இருந்தது. 1983 இல் யாப்பையே திருத்தி றோவை நீக்கும் முயற்சி செனற் சபையில் 49 க்கு 50 என்ற வாக்குகளால் தோல்வியுற்றது. திருத்தத்துக்கு வேண்டியதோ மூன்றிலிரண்டு பங்கு.

சூத்திரத்தைத் திருத்த இயலாதென்று கண்டோர், உரைகாரரைத் திருத்த முனைந்தனர். ஒவ்வொரு நீதியரசர் நியமனமும் இவ்வினாவின் மறைமுகத் தேர்தலாயிற்று. 1992 இற் கேசி வழக்கு வந்தபோது ஒன்பதின்மருள் எண்மர் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகளின் நியமனம் பெற்றோர். றோ வீழ்ந்துவிடும் என்று யாவரும் எதிர்பார்த்தனர். ஆனால் ஓ'கொனர், கென்னடி, சூட்டர் என்னும் மூவர் சேர்ந்து அதன் உள்ளீட்டைக் காத்தனர். மும்மாதக் கணக்கு போயிற்று. பெண்ணின் வழியில் மாநிலம் தகாத சுமை வைத்தலாகாது என்ற அளவுகோல் வந்தது. கணவனுக்கு அறிவித்தே தீரவேண்டும் என்ற விதி வீழ்ந்தது. 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்ற விதி நின்றது.

2016 இல் ஒரு நியமனத்தைச் செனற் சபை விசாரியாமலே விட்டது. 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் ஜனாதிபதி டிரம்ப் மூன்று நீதியரசர்களை நியமித்தார். எஞ்சியதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆழ வேரூன்றிய மரபு

பதினைந்து வாரங்களுக்குப் பின் கருக்கலைப்பைத் தடுத்த மிசிசிப்பிச் சட்டத்தின்மீது எழுந்தது டொப்ஸ் வழக்கு. அச்சட்டத்தை அறுவர் ஏற்றனர். றோவையே நீக்க இசைந்தோர் ஐவர். தலைமை நீதியரசர் றொபேற்ஸ் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்றார். தீர்ப்பை எழுதிய நீதியரசர் அலிற்றோ கொண்ட அளவுகோல் இது: எழுதப்படாத உரிமையொன்று யாப்பினாற் காக்கப்படவேண்டுமாயின், அது நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றியிருத்தல் வேண்டும். பதினான்காந் திருத்தம் ஏறிய 1868 இல், அன்றிருந்த 37 மாநிலங்களில் 28 மாநிலங்கள் கருக்கலைப்பை எந்நிலையிலும் குற்றமாக்கியிருந்தன என அவர் கணக்கிட்டார். ஆகவே வேர் இல்லை. ஆகவே உரிமை இல்லை.

இவ்வாதத்தின் ஒழுங்கு என்னைக் கவர்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். நீதியரசர் தம் விருப்பத்தை யாப்பின்மேல் ஏற்றுதலைத் தடுக்க ஒரு வேலி வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் இரண்டு ஐயங்கள் என்னை விடவில்லை.

ஒன்று, எவருடைய மரபு என்பது. பழைய ஆங்கில வழக்காற்றுச் சட்டம், கரு வயிற்றில் அசைவதைத் தாய் உணர்வதற்கு முந்திய நிலையில் கலைத்தலைப் பெரும்பாலும் குற்றமாய்க் கொள்ளவில்லை. கடுமையான சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மருத்துவர் சங்கம் 1857 அளவிற் தொடங்கிய இயக்கத்தின் பின்னரே பரவின. தண்டிக்கப்படாமை உரிமையாகாது என்று அலிற்றோ இதற்கு விடை கூறினார். அது தள்ளத்தக்க விடையன்று. ஆனால் 1868 இற் சட்டம் செய்த சபைகளிலும் சரி, அத்திருத்தத்தை ஏற்ற சபைகளிலும் சரி, ஒரு பெண்ணும் இருக்கவில்லை. வாக்குரிமை பெண்ணுக்கு நாடெங்கும் கிடைத்தது 1920 இல். மாறுபட்ட நீதியரசர் மூவரும் இதனைச் சுட்டினர். பேச அனுமதிக்கப்படாதவளின் மௌனத்தைச் சான்றாகக் கொண்டு, அவளுக்கு உரிமை இருந்ததில்லை என்று தீர்ப்பது எவ்வாறு நீதியாகும்? அதே அளவுகோலை அப்படியே வைத்தால் 1967 இன் கலப்பு மணத் தீர்ப்பும் எளிதில் நில்லாது. நீதியரசர் தோமஸ் தம் தனித் தீர்ப்பில், கருத்தடை பற்றிய கிறிஸ்வோல்ட் உட்பட வேறு சில தீர்ப்புகளையும் மீளாராயவேண்டும் என்று எழுதியதும் கருதத்தக்கது.

மற்றொன்று, கருவின் நிலை. கருக்கலைப்பில் மற்றோர் உயிரின் தொடக்கம் சம்பந்தப்பட்டிருப்பதால் அது திருமணம், கருத்தடை போன்றதன்று என்றார் அலிற்றோ. எதிர்ப்போருள் பலர் பெண்ணை அடக்கும் நோக்கினரல்லர். ஓர் உயிரைக் காக்கின்றோம் என மெய்யாகவே நம்புவோர். அந்நம்பிக்கையை எள்ளுதல் தகாது. யாப்புக் கூறும் 'ஆள்' என்ற சொல்லிற் கருவும் அடங்குமாயின் றோவின் வாதம் சரிந்துவிடும் என்று பிளக்மனே ஒப்புக்கொண்டார். அடங்காது என்றே முடிவு செய்தார். டொப்ஸ் தீர்ப்போ அடங்கும் என்றும் சொல்லவில்லை, அடங்காது என்றும் சொல்லவில்லை. மாநிலத்து மக்கள் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. கரு முழு உயிராயின், அதன் வாழ்வு ஒரு மாநில எல்லையைத் தாண்டும்போது வாக்கெண்ணிக்கைக்குள் வருவதெப்படி? முழு உயிரன்றாயின், முழு உயிரான ஒருத்தியின் உடலை அதற்காகக் கட்டாயப்படுத்துவதெப்படி? நீதிமன்றம் இவ்வினாவின் நடுவழியில் இறங்கிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மக்கள் எழுதிய உரை

மக்கள் தீர்மானிக்கட்டும் என்றனர். மக்களும் தீர்மானிக்கத் தொடங்கினர். விளைவு இரு தரப்பாரும் எதிர்பாராதது. 2022 ஆகஸ்ட் 2 ஆந் திகதி, பழைமை பேணும் மாநிலமான கன்சாஸில், மாநில யாப்பிலிருந்து இவ்வுரிமையை நீக்கும் யோசனையை வாக்காளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் நிராகரித்தனர். அதே ஆண்டு நவம்பரில் மிசிகன், கலிபோர்னியா, வேர்மண்ட் மாநிலங்கள் இவ்வுரிமையைத் தம் யாப்பிற் பொறித்தன. 2023 இல் ஒகையோ மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் அவ்வாறே செய்தனர். 2024 நவம்பரில் அரிசோனாவும் மிசூரியும் உட்படப் பல மாநிலங்கள் சார்பாக வாக்களித்தன. தென் டகோட்டா மறுத்தது. நெப்ராஸ்காவில், முதல் மூன்று மாதங்களுக்குப் பிந்திய தடையை யாப்பில் ஏற்றும் யோசனையே வென்றது. புளோரிடாவிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் சார்பாக வாக்களித்தும், அம்மாநில யாப்பு அறுபது கேட்பதால் யோசனை தோற்றது. ஒகையோவில் உரிமையாகிய அதே விகிதம் புளோரிடாவில் உரிமையாகவில்லை.

இதனிடையே மருத்துவமனைகளில் நிகழ்வது வேறு. ரெக்ஸாஸ் சட்டம், தடையை மீறும் மருத்துவருக்கு ஆயுட்காலச் சிறைவரை தண்டனை விதிக்கின்றது. தாயின் உயிருக்கு இடர் நேர்ந்தால் விலக்குண்டு என்பது உண்மை. ஆனால் எவ்வளவு இடர் போதுமானது? கர்ப்பச் சிக்கலால் துன்புற்ற பெண்கள் இதனைத் தெளிவாக்குமாறு வழக்கிட்டனர். 2024 மே மாதத்தில் அம்மாநில உயர் நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. 2025 இற் சட்டசபையே விலக்கைத் தெளிவாக்கச் சட்டமியற்ற நேர்ந்தது. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவர், நாடியைப் பார்க்குமுன் சட்டப் புத்தகத்தைப் பார்க்கும் நிலை எந்நாட்டுக்கும் பெருமை தருவதன்று.

அமெரிக்காவைப் பார்த்துக் கற்ற நாடு ஒன்று உண்டு. டொப்ஸ் தீர்ப்பின் பின் பிரான்ஸ் விழித்துக்கொண்டது. 2024 ஆம் ஆண்டு மார்ச் 4 ஆந் திகதி வேர்சாயில் கூடிய அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் 780 க்கு 72 என்ற வாக்குகளால் இதனை யாப்பில் ஏற்றின. உரிமை என்று எழுதுவதா, சுதந்திரம் என்று எழுதுவதா என்று நீண்ட விவாதம் நடந்து, இறுதியில் உறுதியளிக்கப்பட்ட சுதந்திரம் என்று எழுதினர். உரையை நம்பியிராது சூத்திரத்திலேயே எழுதிவிட்டனர்.

இனி, தொடக்க வினாவுக்கு வருவோம். கருக்கலைப்பு அமெரிக்காவில் யாப்புரிமையா? சமஷ்டி யாப்பைப் பொறுத்தவரை, 2022 இன் தீர்ப்புப்படி அன்று. பல மாநில யாப்புகளைப் பொறுத்தவரை ஆம். சுதந்திரம் என்ற சொல் இவ்வுரிமையைத் தாங்குமா என்று என்னைக் கேட்டால், தாங்கும் என்றே இன்னும் கூறுவேன். ஆனால் அரைநிழலையும் மருத்துவரின் அறையையும் காட்டி அல்ல. தன் உடலின்மேல் தனக்கு ஆணையில்லாத ஒருத்தி எந்தப் பொதுவாழ்விலும் சமனான குடியாய் நிற்க இயலாது என்பதைக் காட்டியே கூறுவேன். நான் முன்னர்ச் சொல்லிவந்த காரணம் முதலாவது. இப்பொழுது சொல்வது இரண்டாவது. ஈலியிடமிருந்து இன்னொன்றும் கற்றேன். ஒன்பது பேரின் உரையில் மட்டும் தங்கிய உரிமையை வேறு ஒன்பது பேர் எடுத்துவிடலாம். மைக்கல்ஸின் கதையோ அதன் மறுபுறத்தைக் கற்பித்தது: ஒரு வாக்கில் தங்கிய உரிமையும் அவ்வளவு நிலையற்றதே.

மாணவர்க்கு ஒரு சொல். தீர்ப்புகளைப் படிக்கும்போது வென்றவர் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். 1973 இல் தோற்ற நீதியரசர் றென்குவிஸ்ட், 1868 இன் மாநிலச் சட்டங்களை எண்ணிக் காட்டி, இவ்வுரிமைக்கு மரபில் வேரில்லை என்று தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அன்று அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 49 ஆண்டுகள் கழித்து அவ்வாதமே நாட்டின் சட்டமாயிற்று. 2022 இல் தோற்ற மூவரும் ஒரு மாறுபட்ட தீர்ப்பை எழுதி வைத்திருக்கின்றனர். அதனையும் படித்து வையுங்கள்.